விசாரணை நீதிபதி நம்மிடம் வாக்குக் கேட்டு வந்தால்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காகச் சித்தூரில் நடைபெற்ற அரசியல் வகுப்பில், வழக்கறிஞரான தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே,

சென்ற வகுப்பு முடியும் நேரத்தில் குப்பம் பகுதித் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம், சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பவும் வீட்டுக்கு அனுப்பவும் அதிகாரம் படைத்த நீதிபதியை மட்டும் ஏன் தேர்ந்தெடுப்பதில்லை? ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவரும் நம் வாசலில் கைகூப்பி நின்றால் ஒழுங்காக நடந்துகொள்வாரே என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவருக்கு யாரும் விடை சொல்லவில்லை. அதற்கு விடை தேடுவதே இன்றைய உரை.

அந்தத் தோழர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. நம் மரபிலேயே அவருக்கு ஆதாரம் உண்டு. 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூன், மற்ற அரசு ஊழியர்களைப் போலவே நீதிபதிகளும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படவும் திரும்ப அழைக்கப்படவும் வேண்டும் என்று கொண்டதை மார்க்ஸ் வரவேற்று எழுதினார். அக்டோபர் புரட்சி நடந்த சில வாரங்களிலேயே வெளியான நீதிமன்றங்கள் பற்றிய முதல் ஆணை, உள்ளூர் நீதிபதிகள் தேர்தல் மூலம் வரவேண்டும் என்றது. 1936ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பு, மக்கள் நீதிமன்ற நீதிபதிகளை அந்தந்த வட்டாரக் குடிமக்கள் மூன்றாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்க வகை செய்தது. பெரும்பாலும் ஓர் இடத்துக்கு ஒரே வேட்பாளர்தான் நின்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இன்று நீதிபதித் தேர்தலை மிகப் பரவலாக நடத்தும் நாடு அமெரிக்கா. அங்கே பெரும்பான்மையான மாநிலங்களில், ஏதாவதொரு நிலையிலுள்ள நீதிபதிகள் வாக்குப் பெற்றே பதவிக்கு வருகிறார்கள். பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் வாக்காளர்முன் நிற்கிறார்கள். மெக்சிகோவிலும் 2025 ஜூன் முதல் தேதி நாடு தழுவிய நீதிபதித் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான். ஆயினும் அந்தத் தேர்தலில்தான் மிக்ஸ்டெக் பழங்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹ்யூகோ அகிலார் ஆர்டிஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமைக்கு வந்தார். ஆகவே, தேர்தல் என்றாலே கேடு என்று நான் சொல்லவரவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் விசாரணை நீதிபதிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை, 'இவர் நீடிக்கலாமா, வேண்டாமா' என்ற வாக்கெடுப்பைச் சந்திக்கிறார்கள். கிரகரி ஹூபர், சான்ஃபோர்ட் கார்டன் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் அந்த நீதிபதிகள் விதித்த 22 ஆயிரம் தண்டனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2004இல் வெளிவந்தது. வாக்கெடுப்பு நெருங்க நெருங்க அதே நீதிபதி, அதே வகைக் குற்றத்துக்குக் கூடுதலான ஆண்டுகள் தண்டனை விதித்திருந்தார். அவ்வாறு கூடிப்போன சிறைக்காலத்தைக் கூட்டினால் 1,800 ஆண்டுகளுக்குக் குறையாது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். குற்றம் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை; தேர்தல் தேதி அருகில் வந்ததுதான் வேறுபாடு. காரணம் எளிது. ஒரு நீதிபதி இரக்கம் காட்டி விடுவித்தவர் வெளியே வந்து மறுபடி குற்றம் செய்தால், அது எதிர் வேட்பாளரின் விளம்பரத்தில் வந்துவிடும். தேவைக்கு மேல் பத்தாண்டு சிறையில் கிடந்தவரின் கதை யாருடைய விளம்பரத்திலும் வராது.

பணம் எப்படிப் பாய்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. மேற்கு விர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு வரவிருந்த நிலையில், 2004ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காக 30 லட்சம் டாலர் செலவிட்டார். வேட்பாளர் வென்றார். வழக்கு அவர்முன் வந்தது. அவர் விலகிக்கொள்ள மறுத்தார்; தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாகப் புரண்டது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில். ஒரு வாக்குக்கு இங்கே என்ன விலை போகிறது என்பதை இந்த அரங்கில் உள்ள எல்லோரும் அறிவோம். மணல், கிரானைட், செம்மரம் என்று பணம் புரளும் இந்த மாவட்டங்களில் நீதிபதித் தேர்தல் நடந்தால் சுவரொட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கடமைக்குச் சென்ற அரசு ஊழியர்கள் அவர்கள். அந்தக் கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்ட வந்த நூற்றுக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டுக் கொலைவழக்கில் சேர்க்கப்பட்டார்கள். திருவண்ணாமலையின் ஜவ்வாது மலை, வேலூர், தருமபுரி, சேலம் என்று பல பகுதிகளைச் சேர்ந்தவர்கள். பலர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழகத் தொழிலாளர்களை விடுதலை செய்தது.

இப்போது அந்தத் தீர்ப்பை எழுதிய விசாரணை நீதிபதியின் இடத்தில் நின்று பாருங்கள். அடுத்த மாதம் அவருக்குத் திருப்பதியில் மறுதேர்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லப்பட்டவர்கள் இந்த மண்ணின் அதிகாரிகள். செம்மரம் ஏழுமலையானின் மலையில் விளையும் செல்வம் என்று ஊரே நினைக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களோ அடுத்த மாநிலத்தார், பேசுவது வேறு மொழி, கையில் பணமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவர்களில் ஒருவருக்குக்கூடத் திருப்பதியில் வாக்கு இல்லை. விடுவித்தால் வாக்குப் போகும். தண்டித்தால் வாக்கு வரும். அந்தக் கணக்கு மனத்தில் ஓடும் நீதிபதியிடம் அந்தத் தீர்ப்பை எதிர்பார்க்க முடியுமா?

குப்பம் தோழருக்கு என் முதல் விடை இதுதான். நீதிமன்றக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் அந்தத் தொகுதியின் வாக்குவலிமைக்கு வெளியே நிற்பவர். பல நேரங்களில் அவர் சிறுபான்மையினர், வேற்றூரார், நிலமற்றவர், ஊர் வெறுப்பவர். நமக்கே இதில் அனுபவம் உண்டு. இந்தச் சித்தூர் 1911 வரை வடாற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு வந்தது. 1960இல் திருத்தணி பிரிந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி, சத்யவேடு, புத்தூர், குப்பம் பகுதிகளில் நாம் தமிழ் பேசிக்கொண்டே ஆந்திரத்தின் குடிமக்களாக இருக்கிறோம். நமக்கு இங்கே வாக்கு உண்டு, தெலுங்கும் தெரியும். ஜமுனாமரத்தூரிலிருந்து வருபவருக்கு இரண்டும் இல்லை.

சரி, தேர்தல் வேண்டாம் என்றால் இப்போதிருக்கும் முறை போதுமா? போதாது. இந்தியாவில் விசாரணை நீதிபதிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கறிஞரை நேரடியாக மாவட்ட நீதிபதியாக்க, அரசியலமைப்பின் 233ஆம் பிரிவு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கிறது. கீழ்நிலையில் சேரும் இளநிலை உரிமையியல் நீதிபதிக்குச் சட்டப்பட்டம், எழுத்துத்தேர்வு, நேர்காணல். மூன்றாண்டு வழக்காடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2002இல் நீக்கப்பட்டது. 2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் கொண்டுவந்தது. அதை நான் வரவேற்கிறேன். ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் முகத்தை நீதிமன்றத்தில் ஒருமுறைகூடப் பார்த்திராத இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, நேரே மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் மூன்றாண்டு வருமானமின்றி ஒரு மூத்த வழக்கறிஞரின் அறையில் காலம் தள்ள, கூலி வீட்டுப் பெண்ணுக்கும் தலித் மாணவருக்கும் வழியில்லை என்பதும் உண்மை. உதவித்தொகை இல்லாமல் இந்த நிபந்தனையை வைத்தால் வசதியுள்ள வீடுகளிலிருந்தே நீதிபதிகள் வருவார்கள். சொத்துதான் தகுதி என்பது நமக்குப் புதிதல்ல. குடவோலைப் பெருமை பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுமையாகப் படிக்க வேண்டும்: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக்கல்வி, வயது 35 முதல் 70. அந்தச் சீட்டுக் குடத்தில் உழுதவன் பெயர் இல்லை.

இந்தத் தகுதிகளில் எதுவும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: கூண்டில் நிற்கும் ஏழையை இவர் எப்படி அணுகுவார்?

நான் இருந்த ஒரு நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். சாட்சியங்கள் முடிந்து, குற்றம் சாட்டப்பட்டவரிடமே விளக்கம் கேட்கும் கட்டம். பழைய சட்டத்தில் 313, இன்றைய சட்டத்தில் 351. மலைக்கிராமத்து முதியவர் ஒருவர் நின்றார். தெலுங்கில் கேள்விகள் வாசிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் அவர் சொன்னது ஒரே சொல்: 'தெலியது'. சிறையில் யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தெலுங்குச் சொல் அது. 'உன் பெயர் என்ன' என்பதற்கும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். எழுத்தர் எழுதிக்கொண்டே போனார். சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் இருந்தால், அவர் நேரில் இருக்கையில் திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு சொன்னது. இன்றைய சட்டத்தில் அது 314. அன்று பெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை.

இன்னொரு நீதிபதி. இவர் ராயலசீமைக்காரர், தமிழ் அரைகுறை. ரிமாண்டுக்கு வந்த ஓர் இளைஞரைப் பார்த்துத் தன் உடைந்த தமிழில், 'ஸ்டேஷன்ல எத்தனை நாளு?' என்று கேட்டார். 'மூணு நாளுங்க' என்றார் அவர். காவல்துறைத் தாளிலோ முந்தைய நாள் மாலை கைது என்று இருந்தது. நீதிபதி குரலை உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை. அந்தக் கேள்வியையும் விடையையும் அப்படியே ரிமாண்டு ஆணையில் எழுதிவிட்டார். பிற்பாடு பிணை மனுவில் எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அந்த ஒரு வரிதான். இருவரும் ஒரே சட்டத்தைப் படித்தவர்கள். ஒரே தேர்வு எழுதியவர்கள்.

ராம் சந்தர் வழக்கில் 1981இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி சொன்னதன் சாரமும் இதுதான். அவர் நம் அண்டை அனந்தபூரின் குத்தி ஊர்க்காரர். விசாரணை நீதிபதி பதிவுசெய்யும் இயந்திரமாக இருக்கக்கூடாது. உண்மையைத் தேடிக் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் அரசுத் தரப்பு வழக்கறிஞராக மாறிச் சாட்சியை மிரட்டவும் கூடாது என்றார்.

அடுத்து ஜாமீன். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் தோழர்கள் அன்றாடம் முட்டி நிற்கும் சுவர் இது. பிணை கிடைத்துவிடுகிறது, ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர், அதுவும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று ஆணை வருகிறது. ஜவ்வாது மலைக்காரருக்குத் திருப்பதியில் யாரைத் தெரியும்? அவருடைய தம்பி ஊரிலிருந்து வருகிறார். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்று தமிழில் இருக்கிறது. தெலுங்கில் கொண்டுவா என்கிறார்கள். தலைமுறைகளாக உழும் நிலம் வனத்துறைக் கணக்கில் இருப்பதால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் சொத்து மதிப்புச் சான்று இல்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அந்தச் சட்டப்படி மலையில் கிடைக்காமல் போன ஒரு காகிதம், திருப்பதிச் சிறையின் கதவை மூடி வைக்கிறது. கடைசியில் நீதிமன்ற வாசலில் கூலிக்கு ஜாமீன் கொடுக்கும் ஆள் கிடைக்கிறார். அவருக்குக் கொடுக்கும் பணத்தைக் கடத்தல் முதலாளியின் ஏஜெண்டு கட்டுகிறார். அந்தக் கடனைத் தீர்க்கத் தொழிலாளி மறுபடியும் காட்டுக்கு வருகிறார். உள்ளூர் ஜாமீன் என்ற நிபந்தனை கடத்தலைத் தடுப்பதாக நினைப்பவர்கள் இந்தச் சுழற்சியை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

இந்தச் சுவரை உடைக்கும் தீர்ப்பு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1978ஆம் ஆண்டு, மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பிணை வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் தொகையை ஆயிரமாகக் குறைத்தார். ஜாமீனே இல்லாமல் சொந்த உறுதிமொழியில் விடலாம் என்றார். தமிழரோ ஆந்திரரோ தொலைதூரத்தில் எங்கோ கைதானால் அந்த ஊரில் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்றும் கேட்டார். மறுபடியும் 2023 ஜனவரி 31ஆம் தேதி, உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம், அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த நிபந்தனை நம் நீதிமன்றங்களில் உயிரோடிருக்கிறது.

கிருஷ்ணய்யர் யார்? 1957ஆம் ஆண்டு கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு தலச்சேரியில் வாக்குக் கேட்டு வென்றவர். இஎம்எஸ் அமைச்சரவையில் சட்ட அமைச்சர். 1965இல் தேர்தலில் தோற்றவர். 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. 1973இல் உச்ச நீதிமன்றம். அரசியல்வாதி எப்படி நீதிபதியாகலாம் என்று அன்று மூத்த வழக்கறிஞர்கள் முகம் சுளித்தார்கள். வாசல் வாசலாக நின்ற அனுபவம் ஒருவருக்கு நீதிபதித் தகுதியாகவும் ஆகலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: நீதிபதியான பிறகு அவர் யாரிடமும் மறுபடி வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மக்களிடம் நெருங்கி வந்த விசாரணை நீதிமன்றங்களும் நம் வரலாற்றில் உண்டு. 1991 ஆகஸ்டு 6ஆம் தேதி குண்டூர் மாவட்டம் சுண்டூரில் எட்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, படுகொலை நடந்த அந்த ஊரிலேயே தனிநீதிமன்றம் அமைந்தது. சாட்சிகள் தங்கள் தெருவிலிருந்து நடந்து வந்து சாட்சி சொன்னார்கள். 2007 ஜூலை 31ஆம் தேதி 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014இல் உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. கீழ்வெண்மணியிலும் அதுதானே நடந்தது! நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம், வசதிபடைத்த மிராசுதாரர்கள் நேரில் வந்து தீவைத்திருப்பார்கள் என்று நம்ப இயலாது என விடுவித்தது. சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் ஒன்று கண்டார். தாளை மட்டும் பார்த்தவர்கள் வேறொன்று கண்டார்கள்.

வாச்சாத்தியில் மட்டும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அதுவும் மரக்கடத்தல் கதைதான். இங்கே செம்மரம், அங்கே சந்தனம். 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் விடாமல் போராடியது. தோழர் நல்லசிவன் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை எடுத்துச் சென்றார். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி மாவட்ட நீதிபதி குமரகுரு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார். ஒரு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு மூன்று அரசுத் துறைகளுக்கு எதிராக எழுதப்பட்ட தீர்ப்பு அது. 2023 மார்ச்சில் உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அந்தக் கிராமத்துக்கே சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார். அங்கே நீதிபதியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வாய்தா தவறாமல் மலையிலிருந்து இறங்கி வந்து நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் திரட்டிய அமைப்பு இருந்தது.

சேஷாசலத்தில் 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழகத் தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு விசாரணை நீதிபதி கிடைக்கவேயில்லை. கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் சொன்னார்கள். அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று கேட்கும் நிலைக்கே வழக்கு வரவில்லை. கடுமையான நீதிபதி, மென்மையான நீதிபதி என்று நாம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் நீதிபதியின்முன் உயிரோடு கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றித்தான். இப்போது செம்மர வழக்குகளுக்கென்றே திருப்பதியில் தனிநீதிமன்றம் இயங்குகிறது. வேகம் கூடும், நல்லது. ஆனால் ஒரே வகைக் குற்றத்தை, ஒரே வகைக் காவல்துறைச் சாட்சியை, ஒரே வகைக் கூலியாளை நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு, எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரியும் ஆபத்தும் அதில் உண்டு.

நம் விசாரணை நீதிபதியும் ஒருவகையில் ஆண்டுதோறும் மறுதேர்தலைச் சந்திக்கிறார், தோழர்களே. வாக்காளர்கள்தான் மிகச் சிலர். 235ஆம் பிரிவின்படி அவர் உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார். பதவி உயர்வு, இடமாற்றம், ரகசிய அறிக்கை எல்லாம் அங்கே. எத்தனை வழக்கை முடித்தார் என்பதற்கு யூனிட் கணக்கு உண்டு. யாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார், யாரிடம் 'எத்தனை நாளு' என்று கேட்டார் என்பதற்குக் கணக்கு இல்லை. பிணை கொடுத்தால் உள்நோக்கம் கற்பிப்பார்களோ என்ற அச்சத்தில் கீழ்நிலை நீதிபதிகள் தயங்குகிறார்கள் என்று 2022இல் தலைமை நீதிபதி சந்திரசூட்டே பேசினார். அந்த அச்சம், பென்சில்வேனியா நீதிபதியின் தேர்தல் அச்சத்துக்கு அண்ணன் தம்பி முறைதான். மேலிருந்து நல்லதும் வரும்: ஏழாண்டு வரையிலான தண்டனைக்குரிய வழக்குகளில் இயந்திரம்போல ரிமாண்டு செய்யக்கூடாது என்ற அர்னேஷ் குமார் தீர்ப்பைப் பின்பற்றுமாறு 2025 ஜூலையில் ஆந்திர உயர்நீதிமன்றம் மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் ரிமாண்டு நேரத்தில் நீதிமன்றம் போனோம்?

தொழிற்சாலை வாயிலில் நிற்கிறோம். மண்டல அலுவலகத்தை முற்றுகையிடுகிறோம். நீதிமன்றத்தை மட்டும் வக்கீல் தோழர்களிடம் விட்டுவிட்டோம். நீதிமன்றம் திறந்த மன்றம். பின் வரிசையில் உட்கார யாருக்கும் உரிமை உண்டு. தீர்ப்பு இப்படி வரவேண்டும் என்று நீதிபதியை நெருக்குவதற்காக நான் சொல்லவில்லை. அது தவறு, செய்யவும் கூடாது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் கூண்டில் நிற்கும்போது பெயர்த்துச் சொன்னார்களா, இலவசச் சட்ட உதவி உண்டு என்று மாஜிஸ்திரேட் எடுத்துச் சொன்னாரா, உள்ளூர் ஜாமீன் கேட்டார்களா என்று தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதக் குறிப்புகளோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் எழுதினால், வாக்குச்சீட்டு இல்லாமலேயே அவர்களுடைய ரகசிய அறிக்கையில் நாமும் ஒரு பத்தி எழுதியவர்களாவோம். இரு மொழியும் தெரிந்த நம்மைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இல்லை.

(உரைக்குப் பிறகு கேள்வி எழுப்பிய குப்பம் தோழர், 'அப்படியானால் பாரிஸ் கம்யூன் சொன்னது தவறா?' என்று கேட்டார். அதற்கு அளித்த விடை:)

தவறில்லை, தோழர். கம்யூன் தேர்தலை மட்டும் தனியாகச் சொல்லவில்லை. பொறுப்பில் இருப்பவருக்குத் தொழிலாளியின் கூலி, எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கும் உரிமை, ஆயுதம் தாங்கிய மக்கள் அதிகாரம் என்று எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. மற்றவற்றை விட்டுவிட்டுத் தேர்தலை மட்டும் இங்கே கொண்டுவந்தால் நமக்குக் கிடைப்பது மேற்கு விர்ஜீனியாதான். திரும்ப அழைப்பதிலும் சிக்கல் உண்டு. கலிபோர்னியாவில் 2018இல், ஒரு வசதியான மாணவனுக்குப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் வெறும் ஆறு மாதம் தண்டனை கொடுத்த விசாரணை நீதிபதியை மக்கள் வாக்களித்து நீக்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்கள் பலர் அந்த நீக்கத்தை எதிர்த்தார்கள்: மற்ற நீதிபதிகள் இதைப் பார்த்துப் பயந்து, எங்கள் கட்சிக்காரர்களுக்கு, அதாவது கறுப்பினத்தவருக்கும் ஏழைகளுக்கும், தண்டனையைக் கூட்டுவார்கள் என்றார்கள். இதில் யார் சரி என்று அடுத்த வகுப்பில் விவாதிப்போம். அதற்கு முன்னால் வரும் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருப்பதி நீதிமன்றத்துக்கு என்னோடு இருவர் வேண்டும். ஒருவருக்குத் தமிழ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குத் தெலுங்கு. பெயர் கொடுங்கள்.